உலைக்கு ஊட்டிய காடுகள்

மழைக்காலம் தொடங்குமுன் விறகைப் பிளந்து, காயவைத்து, தாழ்வாரத்தில் அடுக்கிவிடாத குடும்பத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் யாரும் கெட்டிக்காரக் குடும்பம் என்று சொன்னதில்லை. மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் எரிவாயு அடுப்பின் முன் நிற்கும் நம்மவர்களுக்கு அந்தத் தாழ்வாரம் இன்று வெறும் நினைவாகவே இருக்கலாம். ஆனால் ஆவணி மாதத்தில் வீட்டுக்காரி அடைந்த அதே கவலையைக் கம்பெனிகளும் சர்க்கார்களும் சமஸ்தானங்களும் நூறாண்டுகளுக்கும் மேலாக அடைந்திருக்கின்றன. இந்த ஆண்டு எரிக்க விறகு உண்டு. அடுத்த ஆண்டு எரிக்க எங்கே போவது என்பதே அந்தக் கவலை. இரும்பு உருக்கும் உலைகளும் நீராவி எஞ்சின்களும் மரத்தை நம்பி வாழ்ந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் என்னென்ன விடைகள் கூறப்பட்டன, அவற்றுள் எவை நிலைத்தன என்பதை நேயர்களுடன் சிறிது ஆராய எண்ணுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நிலக்கரிச் சுரங்கத்தின் வாயில் ஒரே இடத்தில் இருப்பது. தோண்டத் தோண்ட ஆழம் கூடுமே தவிர, தொலைவு கூடுவதில்லை. மரத்தின் இயல்பு வேறு. உலை இருந்த இடத்திலேயே இருக்கும். வெட்ட வெட்டக் காடு அதைவிட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கும். மண் மூடி எரிக்கும் பழைய கரிமூட்டத்தில் ஒரு டன் கரி எடுக்க நான்கைந்து டன் காய்ந்த விறகு வேண்டும். ஒரு டன் இரும்பை உருக்கி எடுக்க ஏறக்குறைய ஒரு டன் கரி வேண்டும். ஆகவே நாளொன்றுக்கு 50 டன் இரும்பு தரும் ஓர் உலையை வைத்துக்கொண்டால், அதற்கு அன்றாடம் 200 முதல் 250 டன் விறகு தேவை. ஆண்டுக்கு ஏறத்தாழ 80,000 டன். நம் நாட்டு வறண்ட காடுகளில் ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு டன் மரம் வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் உண்ண வேண்டுமானால், அந்த ஓர் உலைக்காக 40,000 முதல் 80,000 ஹெக்டேர் காட்டை ஒதுக்கியாக வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் சிலர். போடாமலே தொடங்கியவர்கள் பலர்.

நம் பண்டைக் கொல்லர்களுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருந்ததில்லை. சேலம் மாவட்டத்தில் கஞ்சமலையைச் சுற்றிலும், தென்னாட்டின் வேறு பல இடங்களிலும், ஆளுயரமே உள்ள களிமண் உலைகளில் அவர்கள் இரும்பு எடுத்தார்கள். மூடிய மண் குகைகளில் இரும்புத் துண்டுடன் ஆவாரங்கட்டையை வைத்துப் புடமிட்டு எஃகு செய்தார்கள். அந்த எஃகின் புகழ் கடல் கடந்தது. ஆனால் அவர்களுடைய உலை மிகச் சிறியது. சில நாட்களில் கட்டிவிடக் கூடியது. ஓரிடத்தில் கரி அரிதாகும்போது உலையை விட்டுவிட்டு, கரி கிடைக்கும் இடத்தில் வேறோர் உலையைக் கட்டிக்கொள்ளலாம். காட்டை உலைக்கு இழுக்காமல் உலையே காட்டைத் தேடிச் சென்றது. இதனை நாட்டுப்புறத்தாரின் பிற்போக்கு என்று அக்காலத்து ஐரோப்பியர் சிலர் எழுதினார்கள். எனக்கு அது நல்ல சிக்கனமாகவே தோன்றுகிறது.

அந்தச் சிறு உலைகளைக் கண்டு, பெரிய உலை ஒன்றை நிறுவ ஆசைப்பட்டவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தராக இருந்த அவர், 1825-ஆம் ஆண்டையொட்டி அந்த வேலையைத் துறந்து, கம்பெனியின் சலுகைகளையும் கடனுதவியையும் பெற்று, 1830-ல் பரங்கிப்பேட்டையில் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். பரங்கிப்பேட்டை கடலூருக்குத் தெற்கே வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள துறைமுகம். கப்பல் அருகிலேயே வந்து நிற்கும். வார்த்த இரும்பை இங்கிலாந்துக்கு ஏற்றிவிடலாம். இந்த ஒரு வசதியைத் தவிர அந்த ஊரில் இரும்புக்குரிய வசதி வேறொன்றும் இல்லை. தாது சேலம் பகுதியிலிருந்து வரவேண்டும். கரி தென்னார்க்காட்டுக் காடுகளிலிருந்து வரவேண்டும். ஆற்று வழியாகவும் மாட்டு வண்டியிலும் இரண்டும் கடற்கரைக்கு வந்தன.

இரும்பு நன்றாகவே இருந்தது. மரக்கரியில் கந்தகம் இல்லை. ஆகவே அதில் உருக்கிய இரும்பு ஷெஃபீல்டு நகரத்து எஃகுத் தொழிலாளருக்கு உகந்ததாயிற்று. வேல்ஸ் நாட்டில் 1850-ல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பும் இடம்பெற்றது என்று கூறுவர். ஆனால் ஆலை ஒருநாளும் செழிக்கவில்லை. அருகிலிருந்த காடுகள் குறையக் குறைய, கரி மேலும் மேலும் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. கரி என்பது வண்டியில் நெடுந்தூரம் குலுங்கினால் பாதி தூளாகிவிடும் பண்டம். தூள் உலைக்கு ஆகாது, காற்றோட்டத்தை அடைத்துவிடும். தொலைவு இரு மடங்கானால் செலவு இரு மடங்கோடு நிற்பதில்லை. மலபார் கரையில் பேப்பூரிலும் ஒரு கிளை ஏற்பட்டது. 1853-ல் ஈஸ்ட் இந்தியன் அயர்ன் கம்பெனி என்ற புதிய கம்பெனி இவற்றை எடுத்துக்கொண்டது. 1860-களின் முடிவுக்குள் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. முதல் பற்றாக்குறை, நிர்வாகக் கோளாறு, இங்கிலாந்தில் நிலக்கரியால் செய்த மலிவான இரும்பின் போட்டி ஆகியவையும் காரணங்களே. ஆயினும் கரியின் விலை அந்த ஆலையின் மார்பில் ஏறிய பாரமாக முதலிலிருந்து கடைசி வரை இருந்தது. பாவம் ஹீத்! இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். அதனால் பிறர் செல்வம் பெற, அவர் வழக்குமன்றத்திலேயே காலங்கழித்து 1851-ல் இறந்தார்.

பரங்கிப்பேட்டை உலை தள்ளாடிக்கொண்டிருந்த நாளிலேயே, அதைவிடப் பன்மடங்கு பெரிய பசியுடன் வேறொன்று தென்னாட்டுக்குள் நுழைந்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. 1862-ல் பாதை மேற்குக் கடற்கரையில் பேப்பூரை எட்டியது. 1871-ல் வடமேற்கே ராய்ச்சூரை அடைந்தது. வங்காளத்தில் ராணிகஞ்சு நிலக்கரி வயலுக்கே 1855-ல் ரயில் சென்றுவிட்டபடியால் அங்குள்ள எஞ்சின்களுக்கு நிலக்கரி கிடைத்தது. சென்னைக்கு அது கப்பலேறி வரவேண்டும். இங்கிலாந்திலிருந்து வரும் கரியோ அதைவிட விலை மிக்கது. ஆகையால் தென்னாட்டு எஞ்சின்கள் விறகைத் தின்று ஓடின. ஒரு டன் நிலக்கரி செய்யும் வேலையைச் செய்ய இரண்டு முதல் இரண்டரை டன் விறகு வேண்டும். நிலையங்களில் விறகு மலைபோல் குவிக்கப்பட்டிருந்தது. பாதையின் இருமருங்கிலும் காடு தேய்ந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கிடத்தும் கட்டைகளுக்கும் அதே காடுதான் மரம் தந்தது.

இதனைத் தொடக்கத்திலேயே கண்டு எச்சரித்தவர் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவர். சென்னையில் 1820-ல் பிறந்த ஸ்காட்லாந்துக் குடும்பத்தார். தாவர நூலில் வல்லவர். 1856-ல், முதல் ரயில் ஓடிய அதே ஆண்டில், சென்னை மாகாணத்தின் காட்டுப் பாதுகாப்பு அதிகாரியாக நியமிக்கப்பட்டார். தம் அனுபவங்களைத் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றிய ஒரு நூலாக 1861-ல் வெளியிட்டார். ரயிலும் வேண்டும், காடும் வேண்டும் என்றால் வெட்டுவதற்கு ஒரு முறை வேண்டும். வெட்டிய இடத்தில் நடுவதற்கு ஒரு திட்டம் வேண்டும் என்பது அவருடைய நோக்கம். சர்க்கார் இதில் பாதியை விரைவாகக் கேட்டுக்கொண்டது.

எந்தப் பாதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். காட்டைக் காப்பது என்றால் பிறரை உள்ளே விடாமல் காப்பது என்று பொருள்கொள்வது ஆட்சியாளருக்கு எளிது. 1865-லும் 1878-லும் இந்தியக் காட்டுச் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. சென்னையின் வருவாய் வாரியம், கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் தழை ஒடித்தும் வந்த உரிமையைச் சர்க்கார் ஒரு காகிதத்தால் துடைத்துவிட முடியாது என்று வாதாடியது. ஆகையால் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் சென்னையில் செல்லவில்லை. ஆனால் நான்கே ஆண்டுகளில், 1882-ல், சென்னைக்கென்று ஒரு காட்டுச் சட்டம் வந்தது. காடுகள் காப்புக் காடுகளாயின. நேற்று வரை சுள்ளி பொறுக்கிய கிழவி இன்று குற்றவாளியானாள். காட்டு இலாகாவின் சேவகனுக்குக் கொடுக்க அவளிடம் இருந்ததெல்லாம் அந்தச் சுள்ளிக்கட்டுதான். மக்களின் மனக்குறை பல ஆண்டுகள் புகைந்து, 1913-ல் சென்னை சர்க்கார் ஒரு விசாரணைக் குழுவை அமைக்கும் அளவுக்கு முற்றியது. அதன் பிறகே சில காடுகள் கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடப்பட்டன. ஆலைக்கும் ரயிலுக்கும் எரிபொருள் உறுதி செய்யப்படும்போது யாருடைய அடுப்பு அணைகிறது என்ற கேள்வியை அந்நாளையத் திட்டங்களில் காண்பது அரிது.

நடுவது என்ற மறுபாதிக்கு வருவோம். இங்கே வரலாறு சற்று மகிழ்ச்சி தருகிறது. சென்னைக்கு வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழியாக நெல்லூர் வரை ரயிலில் வந்துபோகும் நேயர்கள், கடற்கரைப் பக்கமாக ஊசியிலை போன்ற தழையுடன் நெருக்கமாக நிற்கும் சவுக்குத் தோப்புகளைக் கண்டிருப்பார்கள். நம் நாட்டுக் கவிகள் பாடிய மரம் அன்று அது. 1860-களில், ரயிலுக்கும் சென்னைப் பட்டணத்துக்கும் விறகு வேண்டும் என்பதற்காகவே கடலோர மணலில் சர்க்கார் அதைப் பயிரிடத் தொடங்கியது. வேறெதுவும் விளையாத மணல் அது. சவுக்கின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மரத்துக்கு உணவாக்கித் தருவதால், உரமற்ற மணலிலும் அது தழைக்கிறது. கட்டை கனமானது, நின்று எரிவது, சாம்பல் குறைவு.

ஆனால் மணலில் கன்றை ஊன்றிவிட்டால் மட்டும் போதாது. முதல் இரண்டு மூன்று கோடைகளுக்குக் கைநீர் ஊற்றியாக வேண்டும். மணலில் ஆழமில்லாத துரவுகளைத் தோண்டி, கைக்கொரு குடமாக முகந்து, கன்றுக்குக் கன்று நடந்து ஊற்றினார்கள். காலைமுதல் மாலைவரை சுடுமணலில் அப்படி நடந்த ஆண்களும் பெண்களும் யார் யார் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. தென்னாட்டு ரயிலின் எரிபொருள் வரலாற்றில் எஞ்சினீயர்களின் பெயர்களோடு சேர்த்து எழுதவேண்டிய பெயர்கள் அவை. சர்க்கார் நட்டதைக் கண்ட செங்கற்பட்டு, நெல்லூர் விவசாயிகள் தாங்களும் நட்டார்கள். சில ஆண்டுகள் காத்திருந்தால் பட்டணத்து விறகுத் தொட்டியில் நல்ல விலை. வறட்சி வந்தாலும் நெல்லைப்போல் கைவிட்டுப் போவதில்லை. நாளடைவில் சவுக்கு சர்க்காரின் பயிராக இருந்தது போய்க் குடியானவனின் பயிராயிற்று. அது இன்றுவரை நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்: வெட்டுகிறவனும் நடுகிறவனும் ஒருவனே.

இதே காலத்தில் வடக்கே பஞ்சாபில் வேறொரு முறை கையாளப்பட்டது. லாகூருக்குத் தென்மேற்கே சங்கா மங்கா என்னும் இடத்தில், 1866-ல், கால்வாய் நீர் பாய்ச்சி ஒரு காட்டையே உண்டாக்கினார்கள். சிசு மரமும் முசுக்கொட்டையும் அங்கே வரிசை வரிசையாக வளர்ந்தன. லாகூர்ப் பகுதி ரயில்களுக்கு விறகு தருவதே அதன் முதல் நோக்கம். வெட்டிய மரத்தை நிலையத்துக்குக் கொண்டுவரக் காட்டுக்குள்ளேயே ஒரு குட்டி ரயில் பாதை போடப்பட்டது. இன்று பாகிஸ்தானில் உள்ள அந்தக் காட்டில் அந்தக் குட்டி ரயில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றிருக்கிறது.

நீரும் இல்லை, கடற்கரையும் இல்லை. ராயலசீமையைப் போன்ற வறண்ட பூமிக்கு என்ன செய்வது? சென்னை மாகாணத்தின் வடவட்டக் காட்டதிகாரியாக இருந்த பெட்டோம் என்பவர் 1876-ல் சர்க்காருக்கு எழுதி, வறண்ட பூமியில் விறகுக்காக வளர்க்கத்தக்க ஓர் அமெரிக்க மரத்தின் விதைகளைக் கேட்டார். அடுத்த ஆண்டு கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் அந்த விதைகள் ஊன்றப்பட்டன. அது என்ன மரம் என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து சென்ற யாருக்கும் அதை அறிமுகப்படுத்தத் தேவையிராது.

ரயிலின் விறகுக் காலம் மெல்ல மெல்லவே முடிந்தது. ஹைதராபாத் சமஸ்தானத்தில் சிங்கரேணி நிலக்கரி 1880-களின் பிற்பகுதியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. 1899-ல் பெசவாடாவுக்கும் சென்னைக்கும் நேர்ப் பாதை திறந்ததும் அந்தக் கரி தெற்கே வர வழி ஏற்பட்டது. சென்னையின் காடுகள் சிறிது மூச்சுவிட்டன. அந்த வேளையில் மைசூர் சமஸ்தானத்தில், பரங்கிப்பேட்டையில் அணைந்த நெருப்பை மீண்டும் மூட்ட ஏற்பாடாயிற்று.

ஷிமோகா மாவட்டத்தில் பத்ரா ஆற்றங்கரையில் பெங்கிபுரா என்று ஒரு சிற்றூர். கன்னடத்தில் பெங்கி என்றால் நெருப்பு. அந்தப் பெயரின் மூலம் வேறு என்பாரும் உண்டு. ஆனால் பிற்பாடு அந்த ஊருக்கு நேர்ந்ததை நோக்கினால் நெருப்பூர் என்ற பொருளே பொருத்தம். இன்று அதன் பெயர் பத்ராவதி. அங்கே குடியேறிப் பல தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி என்பதால் நம் நேயர்களில் பலருக்கு அது சொந்த ஊராகவும் இருக்கலாம்.

மைசூர் திவானாக 1912 முதல் 1918 வரை இருந்த சர் மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா, சமஸ்தானத்திலேயே இரும்பு செய்ய வேண்டும் என்று உறுதிகொண்டிருந்தார். வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஆலை 1911-ல் இரும்பு வார்க்கத் தொடங்கியிருந்தது. ஆனால் அதன் அருகிலேயே நிலக்கரி உண்டு. மைசூரில் பாபாபூதன் மலையின் கெம்மண்ணுகுண்டியில் உயர்ந்த இரும்புத் தாது உண்டு, சுண்ணாம்புக்கல் உண்டு, ஆற்று நீர் உண்டு. நிலக்கரி மட்டும் நாட்டின் மறுகோடியில் இருந்தது. ஆகவே சுற்றியிருந்த மலைநாட்டுக் காட்டையே எரிபொருளாகக் கொள்வதென்று முடிவாயிற்று. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் எழுந்த ஆலை 1923-ஆம் ஆண்டு ஜனவரியில் இரும்பு வார்க்கத் தொடங்கியது. பதவியிலிருந்து விலகியிருந்த விசுவேசுவரய்யாவே நிர்வாகக் குழுவின் தலைமையை ஏற்று, தத்தளித்த ஆலையை நிமிர்த்தினார்.

இந்த ஆலையில் கரி எடுத்த முறை பரங்கிப்பேட்டை முறை அன்று. மண் மூட்டத்தில் எரிக்கும்போது புகையோடு போய்விடும் பொருள்களை இங்கே வீணாக்கவில்லை. மூடிய இரும்புக் கொப்பரைகளில் விறகை இட்டு, வெளியிலிருந்து சூடேற்றி, வரும் ஆவியை வாலை வடிப்பதுபோல் குளிரவைத்துப் பிடித்தார்கள். மரச்சாராயம் என்னும் மெத்தனால், காடி அமிலத்திலிருந்து செய்யும் அசிடேட்டு, தார் எல்லாம் கிடைத்தன. கரியின் செலவில் ஒரு பகுதியை இவற்றின் விற்பனை ஈடுசெய்யும் என்பது கணக்கு. முதல் உலகப் போரின்போது வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோனுக்காக இப்பொருள்களுக்கு உலகச் சந்தையில் நல்ல விலை இருந்தது. ஆனால் கணக்குப் போட்ட காலம் வேறு, ஆலை இயங்கிய காலம் வேறு. பத்ராவதி இரும்பு வார்த்த அதே 1923-ல் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி, மரமே இல்லாமல் வாயுக்களிலிருந்து மெத்தனாலைச் செய்யத் தொடங்கியது. உலகெங்கும் மரவாலைத் தொழில் தளர்ந்தது. கரியின் செலவை இரும்பே பெரும்பாலும் சுமக்க வேண்டியதாயிற்று.

விறகு வருவதோ நாள்தோறும் நிற்காமல் நடக்கவேண்டிய காரியம். உலை ஒருமுறை மூட்டப்பட்டால் இரவு பகலாக எரியும். விறகு வரவில்லை என்று அதை நிறுத்திவைக்க இயலாது, உள்ளே உருகியது உறைந்துவிடும். காட்டுக்குள் குறுகிய டிராம் பாதைகள் போடப்பட்டன. மலைநாட்டில் மழை நான்கு மாதம் கொட்டும்; அந்நாட்களில் காட்டில் வண்டியும் போகாது, விறகும் காயாது. ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். எனவே கோடையிலேயே வெட்டி, வெயிலில் உலர்த்தி, மழைக்காலம் முழுவதற்கும் போதுமானதை முற்றத்தில் அடுக்கியாக வேண்டும். தாழ்வாரத்தில் விறகடுக்கிய நம் பாட்டிமார்களின் வேலையே அது; அளவு மட்டும் ஆயிரம் மடங்கு.

நிலக்கரி இல்லாமல் இரும்பு செய்யலாம் என்பதைப் பத்ராவதி பல்லாண்டுகள் மெய்ப்பித்தது. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் விறகு அங்கும் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. ஜோக் அருவியின் மின்சாரம் 1940-களின் இறுதியில் கிடைக்கத் தொடங்கியதும், விறகுப் பற்றாக்குறையை முன்னிட்டு 1952-ல் மின்சார இரும்பு உலைகள் இரண்டு நிறுவப்பட்டன. மின்சார உலையிலும் கரி வேண்டும். தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்க அது இன்றியமையாதது. ஆனால் வெப்பத்துக்காக எரித்த கரி அவ்வளவும் மிச்சம். ஏறக்குறைய பாதிக் கரியே போதும். அருவி காட்டுக்குத் துணை வந்தது என்று இதைச் சொல்லலாம். அந்த அருவியின் மின்சாரத்துக்காக மூழ்கிய காடும் ஊர்களும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே சொல்லவேண்டும். 1962-ல் ஆலை அரசாங்கக் கம்பெனியாயிற்று. 1976-ல் விசுவேசுவரய்யாவின் பெயரைப் பெற்றது. 1989-ல் இந்திய எஃகு ஆணையத்தின் கீழ் வந்தது. மரக்கரி இரும்பு என்னும் கனவு இந்தியாவில் அதற்குமேல் வளரவில்லை. பிரேசில் நாட்டில், யூக்கலிப்டசு மரங்களைத் தோட்டமாகப் பயிரிட்டு அந்தக் கரியில் இன்றும் பெருமளவு இரும்பு செய்கிறார்கள். அங்கும் தொடக்கத்தில் இயற்கைக் காடுகள் அழிந்த பின்பே தோட்டம் வந்தது.

இடையில் வந்த இரண்டாம் உலகப் போரை ஒரு வார்த்தையில் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்லலாம். 1941-ல் பெட்ரோல் பங்கீடு வந்தபோது, பேருந்துகளின் பின்னால் ஓர் இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் மரக்கரியை அரைகுறையாக எரித்து, வரும் வாயுவால் எஞ்சினை ஓட்டினார்கள். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் செய்த வாயுக் கலம் புகழ்பெற்றது. புறப்படுவதற்கு முன் ஓர் ஆள் துருத்திச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பதும், மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கி நடப்பதும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதைகள். போர் முடிந்தது, பெட்ரோல் வந்தது, பீப்பாய் மறைந்தது.

கரியும் விறகும் பழங்கதையாகிவிட்டன என்று எண்ணியிருந்த வேளையில் அவை வேறு பெயரில் திரும்பி வந்திருக்கின்றன. இப்போது அதனை உயிர்த்திரள் எரிபொருள் என்கிறார்கள். மரத்தூளையும் பயிர்க்கழிவையும் அழுத்திக் குச்சிகளாக்கி அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021-ல் ஆணையிட்டது. பஞ்சாபிலும் அரியானாவிலும் வயலிலேயே கொளுத்தப்பட்டுத் தில்லி வாசிகளின் மூச்சை அடைக்கும் வைக்கோலுக்கு இது ஒரு நல்ல வழியாகும். ஆனால் வைக்கோலும் விளைவது ஆண்டில் சில வாரங்களே. மின் நிலையம் எரிவதோ ஆண்டு முழுவதும். திரட்டுவது, காயவைப்பது, மழைபடாமல் சேமிப்பது, எத்தனை கிலோமீட்டருக்கு மேல் லாரி வாடகை கட்டாது என்று கணிப்பது ஆகிய பழைய தொல்லைகள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன.

கமலாபுரத்தில் 1877-ல் ஊன்றிய விதையின் கதை எஞ்சியிருக்கிறது. அந்த மரந்தான் சீமைக் கருவேலம். விறகுக்காக அழைத்து வரப்பட்ட அந்த விருந்தாளி, பிற்காலத்தில் தமிழ்நாட்டிலும் பரப்பப்பட்டு, ஆடுமாடுகள் தின்ற காய்களின் வழியே தானாகவும் பரவி, இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் சீமைகளின் கண்மாய்களையும் தரிசுகளையும் தனதாக்கிக்கொண்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தழைக்கும். யாரும் நடவேண்டியதில்லை, நீர் ஊற்றவேண்டியதில்லை. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அதையே எரித்து மின்சாரம் செய்யும் சிறு நிலையங்களும் அப்பகுதியில் தோன்றின. நீர்நிலைகளையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிவிட்டது என்பதால் அதை வேரோடு களையவேண்டும் என்று வழக்குகள் நடந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசும் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. கண்மாயில் நீர் நிற்கவேண்டும் என்று விரும்பும் விவசாயியும், மூட்டம் போட விறகு வேண்டும் என்று நிற்கும் கரிக்காரரும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். சில வீடுகளில் அண்ணனும் தம்பியும். கண்மாயிலிருந்து மரம் போனபின் மூட்டத்துக்கு விறகு எங்கிருந்து வரும் என்று தம்பி கேட்கிறான். பட்டா நிலத்தில் சவுக்கை நட்டுப் பார்ப்போமா என்று அண்ணன் யோசிக்கிறான். அதற்குத் தண்ணீர் வேண்டும்.